சும்மா செய்வதற்கும் உரிமம் வேண்டும்: தேசிய வீரர்களுக்கான பிசியோ தொண்டூழியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2029ல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் மறுபடியும் சிங்கப்பூருக்கு வருகின்றன. 2015க்குப் பிறகு நாம் ஏற்று நடத்துவது இதுவே முதல்முறை. 2023ல் ஹாங்ஜோவில் சாந்தி பெரேரா 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றதிலிருந்து திடல்தடப் போட்டிகள் மீது நம் வீடுகளிலும் கண் விழுந்திருக்கிறது. அதனோடு சேர்ந்து, இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) படித்த நம் இளையர் பலர், "தேசிய வீரர்களுக்குத் தொண்டூழியம் செய்ய எங்கே பெயர் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். பெயர் கொடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டியவற்றை யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

பிசியோ என்றதும் பலர் மனத்தில் வரும் காட்சி, காற்பந்துத் திடலுக்குள் பையோடு ஓடி, வீரரின் காலில் குளிர்தெளிப்பான் அடித்துவிட்டு வரும் ஆள்தான். அதோடு, முன்வரிசை இருக்கை, அணிச் சட்டை, நட்சத்திர வீரரோடு ஒரு படம். வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு திடலில் நடப்பதே இல்லை. சட்டையும் படமும் வேண்டுமென்றால் வழிகாட்டும் தொண்டூழியராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ சேரலாம். அவையும் நல்ல பணிகள்தான், யார் உடம்புக்கும் ஆபத்தில்லை.

முதலில் சட்டம். 2011ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, இங்கே இயன்முறை சிகிச்சை செய்பவர் அதற்குரிய மன்றத்தில் பதிந்து, காலாவதியாகாத தொழில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கூலி வாங்காமல் செய்தால் இது பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தவறு. தொடை தசைநாரைத் தொட்டு, சோதித்து, சிகிச்சை அளித்தால் அது சிகிச்சைதான், பில் போட்டாலும் போடாவிட்டாலும். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கு மருத்துவமனைகளிலும் தாதிமை இல்லங்களிலும் வேலை செய்யும் நம்மவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நிபந்தனைப் பதிவில் இருப்பவர், குறித்த பணியிடத்தில், மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்யவே அனுமதி பெற்றவர். சனிக்கிழமை கபடிப் போட்டிக்குப் போய்த் தனியாகச் சிகிச்சை தருவது அந்த நிபந்தனைக்குள் அடங்காது. வேலை அனுமதியில் இருப்பவர் முதலாளியிடமும் மனிதவள அமைச்சிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லாக "பரவாயில்லை, போய் வா" என்ற மேலாளர், பிரச்சினை வரும் நாளில் அந்தத் துறையில் இருக்கமாட்டார்.

அடுத்தது காப்புறுதி. பணியிடத்தின் தொழில்பொறுப்புக் காப்புறுதி பெரும்பாலும் பணியிடத்து வேலைக்கு மட்டுமே. ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி "காப்புறுதி இருக்கிறதா?" என்பதன்று. இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அது பார்வையாளர் வழுக்கி விழுந்தால் கொடுக்கும் காப்புறுதியாக இருக்கும். "இயன்முறை சிகிச்சைத் தவறுக்கான பொறுப்பு அதில் அடங்குமா, வெளிநாட்டுப் பயணத்திலும் செல்லுமா, என் பெயர் அல்லது என் பொறுப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும், இருபக்கமும்: சங்கம் தொண்டூழியரின் உரிமத்தைப் பார்க்க வேண்டும், தொண்டூழியர் சங்கத்தின் காப்புறுதியைப் பார்க்க வேண்டும்.

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுகள் என்று நேரே தாவ நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே இரண்டு வகை பிசியோக்கள். ஒரு நாட்டின் குழுவோடு போகிறவர். அவர் தம் குழுவினரை மட்டுமே பார்க்க அனுமதி பெறுவார். மற்றவர், ஏற்பாட்டுக் குழுவின் மருத்துவக் கூடத்திலோ திடலோரத்திலோ நிற்கும் தொண்டூழியர். எந்த நாட்டு வீரர் வந்தாலும் பார்ப்பார், போட்டி நடத்தும் நாட்டின் உரிம விதிகளுக்குக் கட்டுப்படுவார். பாரிஸ் 2024ல் தொண்டூழியர்களுக்குச் சீருடையும் பணிநேர உணவும் உள்ளூர்ப் போக்குவரத்தும் கிடைத்தன. விமானச் சீட்டும் தங்குமிடமும் அவரவர் செலவு. இரண்டு வகைக்கும் உள்ளூர் அனுபவம் கேட்பார்கள். அதைப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகள், மன்ற அளவிலான கூடைப்பந்து, வயதுப்பிரிவு நீச்சல் போன்றவற்றில்தான் சேர்க்க முடியும். ஒரே விளையாட்டில் இரண்டு பருவம் முழுதாக நிற்பவரின் கண், பத்து விளையாட்டில் தலைக்கு ஒருநாள் நின்றவருக்கு வராது. அனைத்துலக ஒலிம்பிக் குழு விளையாட்டு இயன்முறை சிகிச்சைக்குப் பட்டயப் படிப்பு ஒன்றும் நடத்துகிறது. படிக்கலாம், ஆனால் திடலோர மணிநேரங்களுக்கு அது மாற்றில்லை.

அந்தந்த விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் படிக்காத பிசியோ, நல்லெண்ணத்தோடேயே வீரரைத் தோற்கடித்துவிடுவார். டென்னிசில் மருத்துவ இடைவேளை ஒரு காயத்துக்கு 3 நிமிடம். தசைப்பிடிப்புக்கு அது கிடையாது, பக்கம் மாறும்போதும் ஆட்டக்கட்ட இடைவெளியிலும் மட்டுமே கவனிக்கலாம். காற்பந்தில் திடலுக்குள் சிகிச்சை பெற்ற வீரர், கோல்காவலர் போன்ற சில விலக்குகள் தவிர, வெளியேறித்தான் மறுபடி உள்ளே வர வேண்டும்; தற்காப்பில் திணறும் அணிக்கு அது பத்துப் பேரோடு விளையாடும் நேரம். பூப்பந்தில் நடுவர் அழைக்காமல் ஆட்டத்திடலுக்குள் கால் வைக்க முடியாது. நீச்சலில் உடம்பில் ஒட்டுப்பட்டை போட முன்னனுமதி தேவை. தோளில் அழகாக நீலப் பட்டை ஒட்டி அனுப்பினால், நீச்சலுக்கு அழைக்கும் அறையில் பிய்த்தெடுக்கச் சொல்வார்கள், வீரரின் மனநிலையும் அதோடு பிய்ந்துபோகும். பளுதூக்குதலில் விரலில் சுற்றிய பட்டை விரல்நுனியைத் தாண்டக் கூடாது.

இனிப் பை. பையின் பாதியை எடுத்துக்கொள்வது பட்டைகள்தான். விறைப்பான துத்தநாக ஆக்சைடு பட்டை 38 மில்லிமீட்டர் அகலம், 13.7 மீட்டர் நீளச் சுருளாக வரும். முறையாகக் கட்டினால் ஒரு சுருள் இரண்டு கணுக்கால்களுக்கு மேல் வராது. பன்னிரண்டு பேர் கொண்ட வலைப்பந்து அணியில் எல்லாருக்கும் இரண்டு கணுக்காலும் கட்டினால் ஒரு ஆட்டத்துக்கே 12 சுருள். ஐந்து ஆட்டம் கொண்ட தொடருக்கு 60. "இரண்டு பெட்டி டேப் வாங்கி வைத்திருக்கிறோம்" என்று சங்கம் சொன்னால், பெட்டிக்கு எத்தனை என்று கேளுங்கள். அதோடு பட்டைக்கு அடியில் சுற்றும் மெல்லிய நுரைத்தாள், 50, 75 மில்லிமீட்டர் நெகிழ்பட்டைகள், ஒட்டுத் தெளிப்பான், மொண்ணை முனைக் கத்தரி, நைட்ரைல் கையுறை, உப்புநீர்க் குப்பிகள், மலட்டுத் துணி, முக்கோணக் கட்டு, வளைத்துக்கொள்ளும் சிம்பு, செயற்கைச் சுவாச முகமூடி, மேசை துடைக்கும் கிருமிநாசினித் தாள். வெளிநாட்டுக்குப் பறந்தால் கத்தரி சரக்குப் பையிலும், மின்கலம் உள்ள கருவிகள் கைப்பையிலும் போக வேண்டும். சாங்கி பாதுகாப்புச் சோதனையில் கத்தரியைப் பறிகொடுத்துவிட்டுப் பல்லால் பட்டை கிழிப்பது பார்க்க நன்றாக இருக்காது.

கணுக்கால் கட்டுவது எல்லாருக்கும் தெரிந்தது போலத் தோன்றும். தவறுகள் அங்கேதான் அதிகம். பாதம் மேசை விளிம்புக்கு வெளியே, 90 பாகையில், வீரரே பிடித்து நிற்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் பாதம் தொங்கிவிட்டால், அந்தத் தொங்கிய நிலையிலேயே கட்டு இறுகும், பயன் போச்சு. தோல் காய்ந்திருக்க வேண்டும். குதிகால் தசைநாணுக்குப் பின்னும் கணுவின் முன்வளைவிலும் கொஞ்சம் வாஸ்லின் தடவிய பஞ்சுத்துண்டு வைத்தால் கொப்புளம் வராது. முதலில் கெண்டைக்காலின் கீழ், கணுவெலும்புக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மேலே நங்கூரப் பட்டை. பிறகு உள்பக்கத்திலிருந்து குதிகாலுக்கு அடியில் போய் வெளிப்பக்கம் ஏறும் தூக்குப் பட்டைகள் மூன்று, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி. வெளிப்பக்கச் சுளுக்குக்கு இந்தத் திசை முக்கியம். மாற்றிப் போட்டால் பாதத்தைச் சுளுக்கும் பக்கத்துக்கே இழுத்துவிடும். பின்பு ஆறு வடிவச் சுற்று, இரு திசையிலும் குதிகால் பூட்டு, கடைசியாக மூடும் பட்டைகள். முடிந்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வீரர் எழுந்து நின்றபிறகு "சிறுவிரல் பக்கம் குத்துகிறதா?" என்று கேட்க வேண்டும். பாதம் எடை தாங்கும்போது விரியும். படுத்திருக்கும்போது சரியாக இருந்த பட்டை, நிற்கும்போது ஐந்தாம் பாத எலும்பை வெட்டும்.

நம் ஊரின் ஈரப்பதம் தனிக் கதை. விறைப்புப் பட்டை விளையாடத் தொடங்கி 20, 30 நிமிடத்துக்குள்ளேயே தன் பிடிப்பில் கணிசமான பகுதியை இழந்துவிடும் என்பது எங்கும் உள்ளதுதான். வியர்வையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். குளிரூட்டிய உடைமாற்றும் அறையிலேயே கட்டி முடித்து, இடைவேளையில் மேற்பட்டைகளை மட்டும் புதுப்பிப்பது நடைமுறைக்கு ஒத்தது. பட்டைப் பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டுப் போனால் பசை உருகி, சுருள் வரிவரியாகக் கிழியும். கழற்றும்போது தோலிலிருந்து பட்டையை இழுக்காமல், பட்டையிலிருந்து தோலை விலக்கி எடுக்க வேண்டும். தொடர்ந்து ஏழு நாள் கட்டும் இடத்தில் முதல் நாளே தோல் உரிந்தால் மீதி ஆறு நாளும் சிக்கல்தான்.

அந்தப் பட்டைக்கு அடியில் கோடாலித் தைலமோ புலித் தைலமோ சூடேற்றும் களிம்போ இருக்கவே கூடாது. வீட்டில் அம்மா அன்போடு தேய்த்து அனுப்பியிருப்பார். மூடிய இடத்தில், வியர்வையோடு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் வெந்திருக்கும். கேட்டுவிட்டு, துடைத்துவிட்டு, பிறகே கட்ட வேண்டும்.

இப்போது எங்கள் மையக் கருத்துக்கு வருகிறோம். போட்டி நாளில் நல்ல பிசியோ குறைவாகச் செய்வார். புதிதாக வரும் தொண்டூழியர், தம் திறமையைக் காட்ட இதுதான் வாய்ப்பு என்று நினைத்து, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடையை ஆழமாகப் பிசைவார், முதுகெலும்பில் 'டக்' என்று சத்தம் வரவைப்பார், ஊசி குத்துவார். அன்று வரை அந்த வீரருக்குச் செய்யாத எதையும் அன்று செய்யக் கூடாது. ஆழ்ந்து பிசைந்தால் மறுநாள் வரை தசை வலிக்கலாம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால் வெடிப்புவிசை சற்றே குறையும். விளையாடப் போகும் காலில் பத்து நிமிடம் பனிக்கட்டி வைத்து உடனே அனுப்பினால், வேகமும் கால் வைக்கும் துல்லியமும் கொஞ்ச நேரத்துக்கு மட்டுப்படும். வைத்தே ஆக வேண்டுமென்றால் மறுபடி உடலைச் சூடேற்ற நேரம் ஒதுக்க வேண்டும்.

இந்தச் 'சற்றே' எவ்வளவு பெரியது? 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் சி. குணாளன் ஓடிய 10.38 விநாடி, 33 ஆண்டுகள் நம் 100 மீட்டர் தேசியச் சாதனையாக நின்றது. 2001ல் யு.கே. ஷியாம் அதை 10.37ஆக மாற்றினார். இடைவெளி நூறில் ஒரு விநாடி. பிசியோவின் ஆர்வக்கோளாறு அதைவிடப் பெரிய இடைவெளியை உண்டாக்கக்கூடியது.

ஆகவே போட்டிக்கு முன் 10 நிமிட இலேசான, விறுவிறுப்பான தேய்ப்பு, வழக்கமான கட்டு, பேச்சுத் துணை. பல வீரர்களுக்குக் கடைசி இரண்டும் போதும். போட்டிகளுக்கு இடையில் ஒருவருக்கு 20 நிமிடம், மேசை துடைக்க 5 நிமிடம் என்று பட்டியல் போட்டால் 12 பேருக்கு 5 மணி நேரம். வரிசையை வந்த நேரத்தை வைத்து வகுக்கக் கூடாது. அடுத்து யார் களமிறங்குகிறாரோ அவருக்கே முதல் இடம். நட்சத்திர வீரர் வந்து "எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்" என்றால், மாற்றுப் பட்டியலில் இருக்கும் 17 வயதுப் பெண்ணின் நேரம் அதில் கரைகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சில பயிற்றுநர்கள் ஒரு குறிப்பிட்ட பிசியோவைக் கைராசிக்காரர் என்று நம்பி எல்லாரையும் அவரிடமே தள்ளுவார்கள். பெருமையாக இருக்கும். மூன்றாம் நாள் அவருடைய கட்டைவிரல் மூட்டு வீங்கியிருக்கும்.

பனிக்கட்டி வைக்கும்போது: நொறுக்கிய பனி, ஈரத்துணி, 10 முதல் 20 நிமிடம். முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே துருத்தும் எலும்புமுனையைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே பனிப்பையை இறுக்கிக் கட்டிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் வீரர் எழுவார். சில சமயம் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். கணுக்கால் காயத்தில், கணுவெலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டரைத் தொட்டால் எலும்பு வலியா, ஐந்தாம் பாத எலும்பின் அடிப்பகுதியிலும் உள்பாதத்துப் படகு எலும்பிலும் வலியா, நான்கு அடி எடுத்து வைக்க முடியாதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊடுகதிர்ப் படம் எடுக்க வேண்டும், மேற்கொண்டு கட்டுப்போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம்.

வெப்பம் நம் ஊரில் காயத்தைவிடப் பெரிய எதிரி. தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அறிவுரைப்படி, வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT) 31 பாகைக்குக் கீழ் இருந்தால் குறைந்த வெப்ப அழுத்தம், 31 முதல் 33க்குள் நடுத்தரம், 33ம் அதற்கு மேலும் உயர்நிலை. கைப்பேசிச் செயலியில் பார்க்கலாம். திடலில் விழுந்தவர் குழப்பமாகப் பேசினாலோ, பயிற்றுநரை அடிக்கக் கை ஓங்கினாலோ, அதைக் கோபம் என்று எண்ணாதீர்கள். உள்ளுடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டி மூளை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. காது வெப்பமானி அங்கே நம்பத்தக்கதல்ல. ஆசனவாய் வழி அளப்பதே சரி, அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவக் குழு பக்கத்தில் இருக்க வேண்டும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். கழுத்து வரை பனிநீர்த் தொட்டியில் இறக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 0.2 பாகை இறங்கும். 42ல் இருப்பவர் 39க்கு வர ஏறக்குறைய கால்மணி நேரம். அதற்குள் ஆம்புலன்சுக்கு 995 அழைத்தாகிவிட வேண்டும். அந்தத் தொட்டி, அதை நிரப்பும் பனிக்கட்டி, நிழற்கூடாரம் மூன்றும் போட்டி தொடங்குமுன் திடலில் இருக்கின்றனவா என்று தொண்டூழியர் தாமே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். "ஐஸ் வந்துகொண்டே இருக்கிறது" என்பது பதிலாகாது. இடி கேட்டால் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம்.

தலையில் அடிபட்டால் விவாதமே கிடையாது. சந்தேகம் வந்தாலே வெளியே, அன்று திரும்ப வரக் கூடாது. 2022 ஆம்ஸ்டர்டாம் கூட்டத்தை ஒட்டி வந்த ஸ்கேட் 6 (SCAT6) என்னும் மூளை அதிர்வு மதிப்பீட்டை முறையாகச் செய்ய 10 முதல் 15 நிமிடமாவது ஆகும். திடலோரத்தில் மூன்று கேள்வி கேட்டு 'சரி, போ' என்பது அந்த மதிப்பீடு அல்ல. கழுத்து வலி இருந்தால் யாரும் தூக்கக் கூடாது.

உடற்குறையுள்ள வீரர்களோடு பணியாற்ற நினைப்போர் தனியாகப் படிக்க வேண்டியது நிறைய. 2025 செப்டம்பரில் உலக உடற்குறையுள்ளோர் நீச்சல் வெற்றியாளர் போட்டி காலாங்கில் நடந்தது; அதன்பின் இந்த ஆர்வமும் வளர்ந்திருக்கிறது. தண்டுவடக் காயமுள்ளவருக்கு உணர்வில்லாத இடத்தில் பனியும் சூடும் வேண்டவே வேண்டாம். வெந்தாலும் அவருக்குத் தெரியாது. மார்புப் பகுதி ஆறாம் தண்டுவடக் கண்டத்திலோ அதற்கு மேலோ காயம் என்றால், திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று கொள்ள வேண்டும். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான பட்டை, காலணி, வார் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா பாருங்கள். பல சமயம் காரணம் அதுதான். இவர்களில் பலருக்கு இயல்பான ரத்த அழுத்தமே 90, 100 என்று இருக்கும். கருவியில் 130 காட்டினால் நமக்கு அது சாதாரணம், அவருக்கு அபாயம்.

ஊக்கமருந்து விதிகள் வீரருக்கு மட்டும் என்று நினைக்கும் பிசியோ, வீரரின் வாழ்க்கையோடு விளையாடுகிறார். 2024ல் முன்னணி டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் மாதிரியில் குளோஸ்டெபோல் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. அளவு, ஒரு மில்லிலிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அவருடைய பிசியோ தம் விரல் காயத்துக்கு அந்த மருந்துள்ள தெளிப்பானைப் பயன்படுத்திவிட்டு, கையுறை இல்லாமல் அவருக்கு உடல் பிடித்துவிட்டதே காரணம் என்று விசாரணையில் ஏற்கப்பட்டது. அப்படியும் 2025ல் உடன்பாட்டின்பேரில் மூன்று மாதத் தடை வந்தது. நம் கையில் தடவும் களிம்பு, நம் ஆஸ்துமா மாத்திரை, நம் இருமல் மருந்து எல்லாம் வீரரின் பிரச்சினையாக மாறக்கூடியவை. சொந்த மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு தனிப் பையில் வையுங்கள், அணிப் பையில் போடாதீர்கள். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.

தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ல் புதுப்பிக்கப்படும். டிரமடோல் வலிநிவாரணி 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. வீக்கம் குறைக்கப் போடும் குளுக்கோகார்டிகாய்டு வகை ஸ்டீராய்டு ஊசிகள், மூட்டுக்குள் போடுவது உட்பட, 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது பொதுவாக முந்தைய இரவு 11.59க்கே தொடங்கிவிடும். நம் சமூகத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தேக்காவில் வாங்கிய லேகியம், சீன மருந்துக் கடைப் பொடி, ஊரிலிருந்து மாமா அனுப்பிய சூரணம், இவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று புட்டியில் முழுதாக எழுதியிருக்காது. சீன மருத்துவத்தின் மா ஹுவாங் செடியில், தடைப் பட்டியலில் உள்ள எபெட்ரின் என்னும் ஊக்கி உண்டு. 'இயற்கையானது' என்ற சொல் பரிசோதனைக் கூடத்தில் செல்லாது. பிசியோ எந்த மருந்தையும் கூடுதல் சத்துப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது. கேட்டால் அணி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்கு அழைக்கப்பட்ட வீரர், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். பெரும்பாலும் அந்த ஒருவர் பிசியோதான். அழைப்பு வந்த நொடியிலிருந்து வீரர் கண்காணிப்பாளரின் பார்வையை விட்டு அகலக் கூடாது. "வா, முதலில் பனித்தொட்டியில் இறங்கு" என்று கண்மறைவாக இழுத்துப் போனால் அது விதிமீறலாகப் பார்க்கப்படலாம். சிறுநீர் குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். அவசரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தால் மாதிரி நீர்த்துப்போய், மறுபடி, மறுபடி என்று நள்ளிரவு ஆகும். மறுநாள் காலை அவருக்கு அரையிறுதி இருக்கும். மூடி திறக்காத புட்டியை வீரரே தேர்ந்தெடுத்துக் குடிக்கட்டும்.

இளம் வீரர்களுக்குச் சிகிச்சை தரும்போது கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோரோ பெண் அதிகாரியோ உடன் இருக்க வேண்டும், தொடையிடுக்கு போன்ற இடங்களைத் தொடுமுன் என்ன செய்யப்போகிறோம், ஏன் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். வெட்கத்தில் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. காயம் பற்றிய தகவல் வீரருடையது. பயிற்றுநருக்கு என்ன சொல்லலாம் என்பதைத் தொடர் தொடங்குமுன்பே வீரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், இறுதிப்போட்டிக்கு முந்தைய இரவு தர்மசங்கடம் இராது. "நாளை அவன் ஆடமாட்டான் போல" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். பந்தயம் கட்டுபவருக்கு அது காசு.

விளையாட்டுச் சங்கங்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. தொண்டூழியப் படிவத்தில் 'மருத்துவ உதவி' என்று ஒரே கட்டத்தில் எல்லாரையும் அடைக்காதீர்கள். முதலுதவி படித்தவரும் பிசியோவும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் மாற்றில்லை. பிசியோவுக்குத் தொடர் தொடங்க ஒரு மாதம் முன்பே வீரர்களின் காய வரலாறு (அவர்கள் சம்மதத்தோடு), இதயத்துடிப்பை மீட்கும் ஏஇடி (AED) கருவி எங்கே இருக்கிறது என்ற வரைபடம், ஆம்புலன்ஸ் நுழையும் வாயில், யார் தலைமை மருத்துவர், யாருடைய சொல் இறுதி என்பதெல்லாம் கையில் கிடைக்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வீரர் என்பதும் எழுத்தில் வேண்டும். இடுப்புயரத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய மேசை ஒன்றாவது கொடுங்கள். ஹோட்டல் படுக்கையின்மேல் குனிந்து ஒரு வாரம் சிகிச்சை தந்தவர், எட்டாம் நாள் தாமே நோயாளியாகத் தம் மருத்துவமனைக்குத் திரும்புகிறார், அடுத்த ஆண்டு அழைத்தால் வரமாட்டார்.

இப்படிக்கு,
விளையாட்டு இயன்முறை சிகிச்சைத் தொண்டூழியர்கள் சிலர்
சிங்கப்பூர்